சிதம்பரத்தில் வாங்கினால் கடலூருக்குக் கமிஷன் வருமா? செல்போனுக்குள் மறையும் ‘குக்கி’ச் சீட்டு!

தரகு என்பது மிகப் பழைய தொழில். வீடு பார்த்துக் கொடுத்தால் தரகு உண்டு. மாடு பிடித்துக் கொடுத்தால் தரகு உண்டு. பண்ருட்டிப் பலாவை விற்றுக் கொடுக்கும் மண்டிக்குக் கமிஷன் உண்டு. வரன் பார்த்துக் கொடுத்தாலும் உண்டு!

இந்தத் தரகில் ஒரு வசதி இருக்கிறது. தரகர் பக்கத்திலேயே நிற்பார். “இவரை அழைத்து வந்தது நான்தான்” என்று வாய்விட்டுச் சொல்வார். கடைக்காரரும் கண்ணால் பார்ப்பார். பிறகு மறுக்க முடியாது.

இப்போது ஒரு புதுத் தரகு வந்து இருக்கிறது. தரகர் கடலூரில் இருப்பார். வாங்குகிறவர் சிதம்பரத்தில் இருப்பார். கடை கோவையில் இருக்கும். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். “இவரை அழைத்து வந்தது யார்?” என்று கடைக்குச் சொல்வது ஒரு சின்னஞ்சிறு சீட்டு. கண்ணுக்குத் தெரியாத சீட்டு!

அந்தச் சீட்டைத்தான் பல செல்போன்கள் இப்போது கிழித்துப் போடுகின்றன.

சீட்டுக் கிழிந்தால் தரகருக்குக் கமிஷன் இல்லை. ஆனால் சீட்டைக் கிழிக்காமல் விட்டால், நம் வீட்டு ரகசியம் வெளியே போகிறது. இதுதான் சிக்கல்.

லிங்க் வியாபாரம்

இந்தப் புதுத் தரகுக்கு ‘அபிலியேட் மார்க்கெட்டிங்’ என்று பெயர். பெயர்தான் பெரிது. விஷயம் சுலபம்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக் கொள்வோம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண்மணி. சமையலில் கெட்டிக்காரர். சிதம்பரம் கொத்சு செய்வது எப்படி, இட்லி பூப்போல வர மாவு எப்படி ஆட்ட வேண்டும் என்று ஒரு வெப்சைட்டில் எழுதுகிறார். எழுத்தின் அடியில், “நான் பயன்படுத்தும் கிரைண்டர் இதுதான்” என்று ஒரு லிங்க் கொடுக்கிறார். அதாவது, விரலால் தொட்டால் கடைக்குக் கொண்டு போய் விடும் வழி.

சிதம்பரம் கீழ வீதியில் இருக்கும் ஒரு பெண் அதைப் படிக்கிறார். லிங்கைத் தொடுகிறார். கோவையில் உள்ள கடையின் வெப்சைட் திறக்கிறது. 5,000 ரூபாய்க்கு ஒரு கிரைண்டர் வாங்குகிறார். கடை 6 சதவீதம் கமிஷன் கொடுக்கிறது என்றால், கடலூர் பெண்மணிக்கு 300 ரூபாய். வாங்கியவருக்கு விலை கூடாது. கமிஷன் கடைக்காரரின் லாபத்தில் இருந்து போகிறது.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர். பஸ்சில் போய் ஒவ்வொரு வீட்டிலும் கிரைண்டரைப் பற்றிப் பேச முடியுமா? வீட்டில் இருந்தபடியே நடக்கிறது வியாபாரம். கைக்குழந்தையை வைத்துக் கொண்டு வேலைக்குப் போக முடியாத பெண்களுக்கும், படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கும் இது ஒரு கைச்செலவுக்கு ஆயிற்று.

அமெரிக்காவில் புத்தகம் விற்க ஆரம்பித்த அமேசான் கம்பெனி, 1996-ம் ஆண்டிலேயே இந்த முறையைத் தொடங்கிவிட்டது. அந்தக் கம்பெனி 2013-ம் ஆண்டு ஜூன் மாதம் இந்தியாவில் கடை திறந்தது. இங்கேயும் லிங்க் தரகர்கள் பெருகினார்கள். 2013-ம் ஆண்டிலேயே ‘கேஷ்கரோ’ என்ற இந்தியக் கம்பெனியும் தொடங்கியது. கிடைக்கும் கமிஷனில் ஒரு பங்கை வாங்குகிறவருக்கே திருப்பிக் கொடுப்பது அதன் வழி. அதற்குக் ‘கேஷ்பேக்’ என்று பெயர்.

ஆகவே சீட்டுக் கிழிந்தால் நஷ்டம் தரகருக்கு மட்டும் அல்ல. கேஷ்பேக் வரும் என்று காத்து இருக்கும் குடும்பத்துக்கும்தான்!

தரகு என்பது கடலூருக்குப் புதிது அல்ல. வெள்ளைக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி, கடலூர் வட்டாரத்துத் துணியை நம் ஊர் வியாபாரிகள் மூலமாகத்தான் வாங்கியது. வியாபாரிகள் முன்பணம் பெற்று நெசவாளிகளிடம் கொடுத்துத் துணியைச் சேகரித்தார்கள். யார் கொண்டு வந்த துணி என்பதற்கு அன்றும் கணக்குப் புத்தகம் தேவைப்பட்டது.

குக்கி பிறந்த கதை

இனி, அந்தச் சீட்டைப் பார்ப்போம். அதன் பெயர் ‘குக்கி’. அமெரிக்காவில் பிஸ்கட்டைக் குக்கி என்பார்கள். இதைத் தின்ன முடியாது!

1994-ம் ஆண்டு, நெட்ஸ்கேப் என்ற அமெரிக்கக் கம்பெனியில் வேலை பார்த்த லூ மான்டுலி என்ற இளைஞர் இதைக் கண்டுபிடித்தார்.

அப்போது ஒரு தொல்லை இருந்தது. இன்டர்நெட் கடைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தில் புடவையைத் தேர்ந்து எடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், “நீ யார்?” என்று கேட்கும். முதல் புடவை மறந்து போய் இருக்கும். இப்படி இருந்தால் வியாபாரம் நடக்குமா?

மான்டுலி என்ன செய்தார்? கடை ஒரு சின்னச் சீட்டில் ஒரு நம்பரை எழுதி, வந்தவரிடமே கொடுத்து வைக்கும்படி செய்தார். செருப்பு விடும் இடத்தில் டோக்கன் கொடுப்பார்களே, அதைப் போல. மறுபடி வரும்போது அந்த டோக்கனைக் காட்டினால், “ஓ, இவரா! இவருடைய பையில் ஒரு புடவை இருக்கிறதே” என்று கடைக்குத் தெரிந்துவிடும்.

சீட்டு இருக்கும் இடம் ‘பிரவுசர்’. இன்டர்நெட்டைத் திறந்து பார்க்க உதவும் ஜன்னல் அது. குரோம், சபாரி, பயர்பாக்ஸ் எல்லாம் பிரவுசர்களே.

மான்டுலி நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஒரு கடை கொடுத்த சீட்டை அந்தக் கடை மட்டுமே படிக்க முடியும் என்று விதியும் வைத்தார். ஆனால் அந்த விதியில் ஒரு சந்து இருந்தது. விளம்பரக் கம்பெனிகள் அந்தச் சந்தில் நுழைந்துவிட்டன.

மூலையில் உட்கார்ந்த ஆசாமி

சிதம்பரத்தில் கோவிலைச் சுற்றி நான்கு வீதிகள். கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. ஒரு குடும்பத் தலைவி கடைக்குப் போகிறார்.

கீழ வீதியில் ஒரு ஜவுளிக்கடை. மூலையில் ஓர் ஆசாமி நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து இருக்கிறார். இவர் கடைக்காரரும் அல்ல. வாங்க வந்தவரும் அல்ல. “நம்பர் 417, நீலப்புடவை பார்த்தார்” என்று எழுதுகிறார்.

தெற்கு வீதியில் மருந்துக்கடை. அங்கேயும் அதே ஆசாமி! “நம்பர் 417, சர்க்கரை நோய் மாத்திரை” என்று எழுதுகிறார்.

வடக்கு வீதியில் அடகுக்கடை. அங்கேயும் அவரே! “நம்பர் 417, இரண்டு வளையல்.”

மாலையில் நோட்டைப் புரட்டினால், அந்தக் குடும்பத்தின் நோயும் கடனும் ஆசையும் அவர் கையில்! பெயர் தெரியாவிட்டால் என்ன? நம்பர் போதாதா?

நல்லவேளை, நிஜமான சிதம்பரத்தில் இப்படி ஓர் ஆசாமி இல்லை. இன்டர்நெட்டில் இருக்கிறார். அவர் வைக்கும் சீட்டுக்கு ‘மூன்றாம் ஆள் குக்கி’ என்று பெயர். நாம் ஒருவர், நாம் திறந்த வெப்சைட் இரண்டாம் ஆள், அந்தப் பக்கத்தின் மூலையில் ஒரு விளம்பரமோ, கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளிப் படமோ வைத்து இருக்கும் விளம்பரக் கம்பெனி மூன்றாம் ஆள். செய்தி படிக்கும் பக்கத்திலும், சமையல் பக்கத்திலும், நோய் பற்றிய பக்கத்திலும் அதே கம்பெனியின் புள்ளி இருந்தால், அதே நம்பரை எல்லா இடத்திலும் பார்த்துக் குறித்துக் கொள்ளும்.

நம் வீடுகளில் ஒரு செல்போனை நாலு பேர் பயன்படுத்துகிறார்கள். அப்பா கடன் பற்றித் தேடினார். அம்மா மூட்டு வலி பற்றித் தேடினார். பிறகு பிள்ளை பாடம் படிக்கத் திறந்தால் கடன் விளம்பரமும் மூட்டு வலித் தைலமும் வந்து நிற்கின்றன. வீட்டுக்குள் பேசாத விஷயம் செல்போனில் வந்து பேசுகிறது. இது யாருக்குத்தான் பிடிக்கும்?

கதவு சாத்தப்பட்டது

முதலில் கதவைச் சாத்தியது ஆப்பிள் கம்பெனி. ஐபோன் செய்கிறதே, அதே கம்பெனிதான். அதன் பிரவுசருக்குப் பெயர் சபாரி. 2017-ம் ஆண்டு செப்டம்பரில் பின்தொடரும் சீட்டுகளைச் சபாரி ஒடுக்கத் தொடங்கியது. 2020-ம் ஆண்டு மார்ச்சில் மூன்றாம் ஆள் குக்கிகள் அத்தனைக்கும் கதவை அடைத்துவிட்டது.

பயர்பாக்சும் சும்மா இருக்கவில்லை. 2019-ம் ஆண்டு செப்டம்பர் முதல், தெரிந்த வேவுச் சீட்டுகளை எல்லோருக்கும் தானாகவே தடுத்தது. 2022-ம் ஆண்டு ஜூனில் இன்னொரு படி போயிற்று. ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் தனித்தனி டப்பா வைத்துவிட்டது. ஜவுளிக்கடை டப்பாவில் விழுந்த சீட்டை, மருந்துக்கடையில் உட்கார்ந்தபடி எடுக்க முடியாது.

எல்லை வகுக்கும் வேலை என்றால் கடலூருக்கு ஒரு பழைய கதை உண்டு. 1690-ம் ஆண்டு, கெடிலம் ஆற்றங்கரையில் இருந்த கோட்டையை மராத்தியர்களிடம் இருந்து வெள்ளைக்காரக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையில் இருந்து பீரங்கியைச் சுட வேண்டியது. குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதுவரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். இதுதான் ஒப்பந்தம்! அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் ஆயிற்று. விளம்பரக் கம்பெனிகளின் எல்லையும் வெகு காலம் அப்படித்தான் இருந்தது. புள்ளி எங்கே விழுகிறதோ, அதுவரை அவர்கள் ராஜ்யம். பிரவுசர்கள் அதற்குத்தான் இப்போது வேலி போடுகின்றன.

நெல்லுக்கு விட்ட மருந்து

ஆனால் பூச்சிக்குத் தெளித்த மருந்து நெல்லையும் கருக்கியது போல் ஒன்று நடந்துவிட்டது.

கோவைக் கடைக்குத் திரும்புவோம். சிறிய கடைக்காரர் ஆயிரம் தரகர்களுக்குக் கணக்கு வைக்க முடியுமா? அதற்காக ஒரு நடுக் கம்பெனியை வைத்துக் கொள்கிறார். கடலூர் பெண்மணியின் லிங்கைத் தொட்டால், சிதம்பரத்துப் பெண் நேரே கடைக்குப் போவது இல்லை. கண் இமைக்கும் நேரத்தில் நடுக் கம்பெனியின் வாசலை மிதித்துவிட்டுத்தான் போகிறார். அங்கே ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது: “அழைத்து வந்தவர், கடலூர்க்காரர்.”

கடையில் பணம் கட்டியதும், ‘நன்றி’ என்று ஒரு பக்கம் வருகிறது அல்லவா? அந்தப் பக்கத்தின் மூலையில் நடுக் கம்பெனியின் புள்ளிப் படம் ஒன்று இருக்கும். அது அந்தச் சீட்டைப் படித்து, கடலூர்க் கணக்கில் 300 ரூபாய் எழுதும்.

இப்போது கவனியுங்கள். கடையில் நடுக் கம்பெனி யார்? மூன்றாம் ஆள்! நோட்டுப் புத்தக ஆசாமியும் மூன்றாம் ஆள். கமிஷன் எழுத வந்தவரும் மூன்றாம் ஆள். இருவர் கையிலும் ஒரே மாதிரிச் சீட்டு. வாசலில் நிற்கும் காவலாளிக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? இருவரையும் வெளியே தள்ளிவிடுகிறார்.

கிரைண்டர் விற்பனை ஆகிவிட்டது. பணம் கடைக்குப் போய்விட்டது. சிதம்பரத்துப் பெண் போன் செய்து, “அக்கா, நீங்கள் சொன்ன கிரைண்டரைத்தான் வாங்கினேன். மாவு நன்றாக அரைகிறது” என்கிறார். கடலூர் பெண்மணி கணக்கைத் திறந்து பார்க்கிறார். விற்பனை: சைபர்!

யாரும் திருடவில்லை. கடைக்காரர் ஏமாற்றவும் இல்லை. அவருக்கே தெரியாது. சீட்டு இல்லை, ஆகவே தரகரும் இல்லை.

ஆப்பிளுக்கு இது தெரியாமலும் இல்லை. 2019-ம் ஆண்டு ஆகஸ்டில், சபாரிக்கு உள்ளே இருந்து வேலை செய்யும் வெப்கிட் பிரிவு தன் கொள்கையை வெளியிட்டது. வேவைத் தடுக்கும்போது, கெடுதல் இல்லாத சில பழக்கங்களும் அடிபடலாம் என்று அதிலேயே ஒப்புக் கொண்டது. ஆனாலும் வெப்சைட்டின் வசதியா, பார்க்கிறவரின் நன்மையா என்று வந்தால், பார்க்கிறவர் பக்கம்தான் என்றும் சொல்லிவிட்டது. நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தவர்களில் 300 ரூபாய்த் தரகர்களும் இருந்தார்கள்.

ஏழு நாள் கெடு

நடுக் கம்பெனிகள் வேறு வழி தேடின. “மூன்றாம் ஆள் சீட்டுத்தானே ஆகாது? கடையின் சொந்தச் சீட்டாகவே வைத்துவிடுவோம்” என்றன. லிங்கின் வாலில் ஒரு நீண்ட நம்பரைக் கட்டி அனுப்பின. கடைக்குள் போனதும், அந்த நம்பரைக் கடையின் சீட்டாகவே பிரவுசரில் எழுதி வைக்க ஏற்பாடு செய்தன.

சபாரி அதையும் கண்டுபிடித்தது. 2019-ம் ஆண்டு தொடக்கத்தில், பக்கத்தில் ஓடும் நிரல் எழுதி வைக்கும் சீட்டுக்கு 7 நாள்தான் ஆயுள் என்று கெடு வைத்தது. அதே ஆண்டு, வேவு பார்க்கிறது என்று தான் குறித்து வைத்த இடத்தில் இருந்து, வாலில் நம்பருடன் வந்தால் ஒரே நாள்தான் என்று சுருக்கிவிட்டது.

நம் குடும்பங்களில் 5,000 ரூபாய்ச் சாமானை ஒரு நாளில் வாங்குகிறார்களா? ஞாயிற்றுக்கிழமை பார்ப்பார்கள். வீட்டுக்காரரிடம் சொல்வார்கள். மாமியாரைக் கேட்பார்கள். “ஒன்றாம் தேதி சம்பளம் வரட்டும்” என்பார்கள். பத்தாம் நாள்தான் பணம் கட்டுவார்கள். கடை, “30 நாளுக்குள் வாங்கினால் கமிஷன் உண்டு” என்று சொல்லி இருக்கும். ஆனால் சீட்டோ இரண்டாம் நாளே இறந்து போய் இருக்கும்! யோசித்துச் செலவு செய்கிற குடும்பத்தால் தரகருக்குக் கமிஷன் போகிறது. அவசரக்காரர் வாங்கினால் கிடைக்கிறது. விசித்திரம்தான்.

பெரிய கடைகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. அமேசானின் தரகர் லிங்க் நேரே அமேசானுக்கே போகிறது. நடுக் கம்பெனி இல்லை. லிங்கின் உள்ளேயே தரகரின் அடையாளம் இருக்கிறது. இந்தியத் தரகர் என்றால் அது 21 என்று முடியும். கணக்கு எழுதுவதும் அமேசானே. மூன்றாம் ஆள் யாரும் இல்லாததால் காவலாளி தடுப்பது இல்லை. ஆனால் அங்கே கெடு கடையே வைத்தது: 24 மணி நேரம். அதற்குள் பையில் போட்டு வைத்தால் மட்டும் பின்னால் பணம் கட்டினாலும் கமிஷன் உண்டு.

ஆக, வேலி போட்டதில் மிகுதியும் அடிபட்டவர்கள் சிறு கடையும், சிறு தரகரும். சொந்தமாகக் கணக்கு வைக்க முடிந்த பெரிய கடை தப்பித்துக் கொண்டது.

கூகிள் சொன்னது, செய்தது

இந்தியாவில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஐபோன் அல்ல, ஆண்ட்ராய்டு போன். அதில் இருப்பது கூகிளின் குரோம் பிரவுசர். அது என்ன செய்தது?

“இரண்டு ஆண்டுகளில் மூன்றாம் ஆள் குக்கியை ஒழித்துவிடுவோம்” என்று 2020-ம் ஆண்டு ஜனவரியில் கூகிள் அறிவித்தது. லிங்க் தரகர்கள் கதிகலங்கினார்கள். பிறகு 2023 என்றது. பிறகு 2024 என்றது. 2024-ம் ஆண்டு ஜனவரியில் நூற்றுக்கு ஒருவருக்கு மட்டும் நிறுத்திப் பார்த்தது. பிறகு 2025 என்றது. கடைசியில் 2024-ம் ஆண்டு ஜூலையில், “ஒழிக்கப் போவது இல்லை” என்று சொல்லிவிட்டது!

கூகிளே உலகத்தின் பெரிய விளம்பரக் கம்பெனி. மற்றவர்களின் சீட்டை ஒழித்துவிட்டுத் தான் மட்டும் கொழுத்துவிடுமோ என்று பிரிட்டனில் வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் கொண்டு பார்த்தது. தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம். சீட்டுக்கு மாற்றாகக் கூகிள் ஆண்டுக்கணக்கில் செய்து பார்த்த உபாயங்களில் பலவற்றை 2025-ம் ஆண்டு அக்டோபரில் மூட்டை கட்டி வைத்துவிட்டது.

ஆகவே குரோமில் சாதாரணமாகத் திறந்தால் சீட்டு பிழைக்கிறது. ‘இன்காக்னிடோ’ என்ற ரகசிய ஜன்னலில் திறந்தால் பிழைக்காது. அமெரிக்கத் தரகருக்கு விழுந்த அடி, கடலூர்த் தரகருக்கு அவ்வளவு பலமாக விழவில்லை என்றே சொல்லலாம். ஆனால் ஐபோன் வைத்து இருப்பவர்கள்தான் விலை உயர்ந்த சாமான் வாங்குகிறவர்கள் என்பது தரகர்களின் ஏக்கம்!

பலே கில்லாடிகள்!

சீட்டைக் கிழிப்பதால் தரகருக்கு நஷ்டம் மட்டும்தானா? இல்லை. போலித் தரகரும் ஒழிகிறார்.

ஷான் ஹோகன் என்று அமெரிக்காவில் ஒருவர். ‘ஈபே’ என்ற பெரிய இன்டர்நெட் கடைக்கு லிங்க் தரகர். அந்தக் கடையின் தரகர்களிலேயே முதல் இடம் அவருக்குத்தான். கமிஷனாகவே 1 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். எப்படி?

மற்ற வெப்சைட்டுகளில் கண்ணுக்குத் தெரியாத புள்ளியை வைத்தார். அந்தப் பக்கத்தைத் திறந்தவர் ஈபே பக்கம் தலை வைத்துக்கூடப் படுத்து இருக்க மாட்டார். லிங்க் எதையும் தொட்டு இருக்க மாட்டார். ஆனால் அவருடைய பிரவுசரில், “ஹோகன் அழைத்து வந்தார்” என்று ஈபேயின் சீட்டு விழுந்துவிடும்! பிறகு அவர் தானாகவே ஈபேயில் ஏதாவது வாங்கினால், கமிஷன் ஹோகனுக்கு. பஸ் நிலையத்தில் இறங்குகிறவர்கள் முதுகில் எல்லாம் அவர்களுக்குத் தெரியாமல் தன் பெயர்ச் சீட்டை ஒட்டிவிட்டு, கடை வாசலில் போய்த் தரகு கேட்பது போல!

2007-ம் ஆண்டு எப்.பி.ஐ. போலீசார் சோதனை போட்டார்கள். வழக்கு நடந்தது. ஹோகன் குற்றத்தை ஒப்புக் கொண்டார். 2014-ம் ஆண்டு அவருக்கு 5 மாத ஜெயில் தண்டனையும், 25 ஆயிரம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. பிரயன் டன்னிங் என்ற இன்னொரு தரகருக்கு அதே ஆண்டு 15 மாத ஜெயில்.

மூன்றாம் ஆள் குக்கியைத் தடுக்கும் பிரவுசரில் இந்த வித்தை பலிக்காது. பொய்ச் சீட்டு ஒட்டிக் கொள்ளவே இடம் இல்லை.

ஆனால் தடுக்க முடியாத வேறு வழக்கு ஒன்று கிளம்பி இருக்கிறது. ‘ஹனி’ என்று ஒரு துணைக் கருவி. பிரவுசரோடு ஒட்டிக் கொண்டு, தள்ளுபடிக் கூப்பனைத் தேடித் தருவது அதன் வேலை. பேபால் கம்பெனி இதைச் சுமார் 400 கோடி டாலர் கொடுத்து 2020-ம் ஆண்டு ஜனவரியில் வாங்கியது. 2024-ம் ஆண்டு டிசம்பரில், இந்தக் கருவியின் மேல் ஒரு யூடியூப்காரர் குற்றம் சாட்டினார். வாங்குகிறவர் பணம் கட்டப் போகும் கடைசி நிமிஷத்தில் இது குறுக்கே வந்து, உண்மையான தரகரின் சீட்டை எடுத்துவிட்டுத் தன் சீட்டை வைக்கிறது என்றார். தரகர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பேபால் மறுத்தது. கடைசியாகத் தொட்ட லிங்குக்கே கமிஷன் என்பது தொழிலில் எல்லோரும் பின்பற்றும் விதி. அதைத்தான் ஹனியும் பின்பற்றுகிறது என்றது.

கடைசியாகத் தொட்டவருக்கே கமிஷன்! இந்த விதியில்தான் எல்லாக் கோளாறும். பத்து நாள் கிரைண்டரின் குணம் பேசியவர் ஒருவர். பணம் கட்டும் வாசலில் கையைப் பிடித்தவர் வேறு ஒருவர். கூலி இரண்டாமவருக்கு! இது நியாயமா?

2025-ம் ஆண்டு மார்ச்சில் கூகிள் ஒரு விதி போட்டது. குரோமில் வேலை செய்யும் துணைக் கருவிகள், வாங்குகிறவருக்கு ஒரு நன்மையும் செய்யாமல், அவர் கைவிரல் படாமல், கமிஷன் லிங்கைச் செருகக் கூடாது என்பது அந்த விதி.

வாங்குகிறவர் கையில்

லிங்க் கொடுத்தவருக்குக் கமிஷன் போக வேண்டும் என்று நினைப்பவரும், கேஷ்பேக் எதிர்பார்ப்பவரும் சில விஷயங்களைத் தெரிந்து கொள்வது நல்லது. லிங்கைத் தொட்ட பிறகு, அதே ஜன்னலில் சீக்கிரம் வாங்க வேண்டும். நடுவில் கூப்பன் தேடி வேறு லிங்கைத் தொட்டால், சீட்டு அவர் பெயருக்கு மாறிவிடும். ரகசிய ஜன்னலை மூடினால் சீட்டும் அழிந்துவிடும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இன்ஸ்டாகிராம் உள்ளேயே லிங்கைத் திறந்தால், அது தனக்கென்று வைத்து இருக்கும் ஜன்னலில் திறக்கும். அதில் விழுந்த சீட்டு குரோமில் இருக்காது. அங்கே பார்த்துவிட்டு, இரவு குரோமைத் திறந்து வாங்கினால் கமிஷன் யாருக்கும் இல்லை.

ஆனால் ஒருவருக்கு 300 ரூபாய் போகட்டும் என்பதற்காகச் செல்போனின் தடுப்பை எல்லாம் எடுத்துவிட வேண்டியது இல்லை. நோட்டுப் புத்தக ஆசாமியும் கூடவே வந்துவிடுவார். அவர் வாங்கிப் போகும் விஷயம் 300 ரூபாயைவிடப் பெரிது.

லிங்கில் கமிஷன் இருக்கிறதா என்று தெரிந்து கொள்ளும் உரிமையும் வாங்குகிறவருக்கு உண்டு. காசு வாங்கிக் கொண்டோ, கமிஷனுக்காகவோ ஒரு சாமானைப் புகழ்ந்தால், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023-ம் ஆண்டு ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை வழிமுறை வெளியிட்டது. நம்மைப் பற்றிய விவரங்களைக் காக்கவும் 2023-ம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய சர்க்கார் சட்டம் செய்தது. அதன் விதிகள் 2025-ம் ஆண்டு நவம்பரில் வந்தன. கம்பெனிகள் தயார் ஆவதற்காக, முக்கியமான கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம் கொடுத்து இருக்கிறார்கள்.

சீட்டு இல்லாத தரகு

நடுக் கம்பெனிகள் இப்போது வேறு முறைக்கு மாறி வருகின்றன. சீட்டை வாங்குகிறவர் பிரவுசரில் வைப்பது இல்லை. லிங்கில் வந்த நம்பரைக் கடை தன் சொந்தக் கம்ப்யூட்டரில், தன் கணக்கில் எழுதிக் கொள்கிறது. விற்பனை முடிந்ததும், கடையின் கம்ப்யூட்டர் நடுக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு நேரே சொல்லிவிடுகிறது. பிரவுசர் குறுக்கே வருவது குறைவு. ஆனால் இந்த ஏற்பாட்டைச் செய்யக் கடைக்காரருக்குச் செலவும் ஆளும் வேண்டும். சிறு கடைகள் தயங்குகின்றன.

அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. அது பழைய வழி. தரகருக்கு ஒரு சொல்லைக் கொடுத்துவிடுவது. ‘கடலூர் 50’ என்பது போல. பணம் கட்டும்போது அந்தச் சொல்லைப் போட்டால் வாங்குகிறவருக்கு 50 ரூபாய் தள்ளுபடி, தரகருக்குக் கமிஷன். சீட்டும் வேண்டாம், குக்கியும் வேண்டாம். பத்தாம் நாள் வாங்கினாலும் சரி, இருபதாம் நாள் வாங்கினாலும் சரி. சிதம்பரத்துப் பெண் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாயால் சொன்னாலும் வேலை செய்யும். எந்தப் பிரவுசராலும் கிழிக்க முடியாது.

அதற்கும் ஒரு வினை வந்துவிட்டது. கூப்பன் தேடும் கருவிகள் அந்தச் சொல்லையும் பொறுக்கி எடுத்து, கடலூரைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத டில்லிக்காரருக்கும் கொடுத்துவிடுகின்றன. அழைத்து வராத ஆளுக்கும் கமிஷன் கொடுக்க நேருகிறதே என்று கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆகவே சில கடைகள் அந்தச் சொல்லை அடிக்கடி மாற்றி, புதிய சொல்லைத் தரகருக்கு அனுப்பி வைக்கின்றன.